குத்துக்கு அஞ்சும் கண்கள்



பேச்சைத் தொடங்குமுன், உங்களை ஒரு சிறு சோதனை செய்து பார்க்கச் சொல்கிறேன். அருகில் இருக்கும் தோழர் ஒருவரை உங்கள் எதிரே நிற்கச் செய்யுங்கள். அவர் தம் உள்ளங்கையை உங்கள் முகத்துக்கு நேரே விரைவாகக் கொண்டுவந்து, ஒரு சாண் தொலைவில் நிறுத்தட்டும். அவர் தொடமாட்டார் என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆயினும் என்ன நிகழ்கிறது? இமை தானே மூடிக்கொள்கிறது. தலை பின்னே சாய்கிறது. மூச்சு ஒரு கணம் நின்றுவிடுகிறது. "மூடாதே" என்று கண்ணுக்கு ஆணையிட்டாலும் அது கேட்பதில்லை. அறிவு ஒன்று சொல்ல, உடல் வேறொன்று செய்கிறது.

இமைக்கும் அறிவுக்கும் இடையே நடக்கும் இந்த வழக்கைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். குத்துச்சண்டை பழகுகிறவர்கள், தம் தோழரோடு எதிரெதிரே நின்று பழகும் பயிற்சிச் சண்டையில், அடிபட்டுவிடுவோமே என்று கொள்ளும் அச்சத்தை எவ்வாறு வெல்வது என்பதே என் பேச்சின் பொருள். "தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவருக்குக் குத்துச்சண்டையோடு என்ன உறவு?" என்று நீங்கள் வியக்கலாம். உறவு இருக்கிறது. இளமையில் அந்த அச்சத்தை நானே அனுபவித்தேன். ஆசிரியனான பிறகு, அதே அச்சத்தை ஒரு மாணவனிடத்தில் தவறாகக் கையாண்டேன். இரண்டையும் மறைக்காமல் சொல்லப் போகிறேன்.

பயிற்சிச் சண்டை என்பது யாது? ஆங்கிலத்தில் இதனை ‘ஸ்பாரிங்’ என்பர். போட்டிக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. போட்டியில் வெற்றி தோல்வி உண்டு, நடுவர் உண்டு, புள்ளிகள் உண்டு. பயிற்சிச் சண்டையில் இவை யாவும் இல்லை. மணல் மூட்டையைக் குத்திக் குத்திக் கற்றதை, அசையும் மனிதனிடத்தில் பழகிப் பார்ப்பதே இதன் நோக்கம். மூட்டை திருப்பிக் குத்துவதில்லை, மனிதன் குத்துவான். ஆகையால், குத்துச்சண்டையின் உண்மையான பாடம் இங்கேதான் தொடங்குகிறது. குவீன்ஸ்பெரி விதிகள் என்னும் பெயரால் 1867-இல் வெளியான சட்டங்களே, இந்தக் கலையைத் தெருச் சண்டையிலிருந்து பிரித்து எடுத்தன. 3 நிமிடம் ஆட்டம், 1 நிமிடம் ஓய்வு, கையில் உறை, வீழ்ந்தவன் எழுவதற்கு 10 நொடி என்ற ஒழுங்குகள் அவற்றில் உள்ளவை. பயிற்சியின்போது, போட்டியில் அணிவதைவிடப் பருமனான கையுறையை அணிவது வழக்கம். வளர்ந்தவர்கள் பெரும்பாலும் 16 அவுன்சு, அதாவது ஏறக்குறைய 450 கிராம் எடையுள்ள உறையை அணிவார்கள். பஞ்சணை மிகுந்தால் குத்தின் கடுமை குறையும் என்பதே காரணம். பற்களுக்குக் காப்பும் தலைக்குக் கவசமும் உண்டு.

இத்தனை இருந்தும் புதிதாக வருகிறவன் அஞ்சுகிறான். அஞ்சியவன் என்ன செய்கிறான் என்பதைச் சற்றுக் கூர்ந்து பாருங்கள். கண்ணை மூடுகிறான், அதனால் வரும் குத்து எதுவென்று அவனுக்குத் தெரிவதில்லை. முகத்தைத் திருப்புகிறான், அதனால் காதோரமும் பின்தலையும் குத்துக்கு இலக்காகின்றன. மோவாயைத் தூக்கிப் பின்னே சாய்கிறான். அதனால் மறைந்திருக்க வேண்டிய தாடை வெளியே தெரிகிறது. மூச்சை அடக்குகிறான், அதனால் ஒரு நிமிடத்துக்குள் களைத்துவிடுகிறான். பிறகு, நடப்பது நடக்கட்டும் என்று இரு கைகளையும் காற்றில் வீசுகிறான். அப்போது முகத்தைக் காக்கக் கையே இல்லாமற் போகிறது. அடிக்கு அஞ்சி அவன் செய்யும் ஒவ்வொன்றும் அவனுக்கு மேலும் அடியையே தேடித் தருகிறது. அச்சம் நம்மைக் காப்பதற்காக இயற்கை தந்த காவலன்தான். ஆனால், பழக்கப்படாத காவலன் கதவைத் திறந்து வைத்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்கிறான்!

இனி என் கதைக்கு வருகிறேன். வடசென்னையில் குத்துச்சண்டைக்கு நெடுங்காலப் பழக்கம் உண்டு. துறைமுகத்தை அடுத்த பேட்டைகளில், ‘பரம்பரை’ என்று பெயர் சொல்லிக்கொள்ளும் குழுக்கள் தம் மாணவர்களைப் பழக்கி மேடையேற்றின. பயிற்றுவிப்பவரை அங்கே ‘வாத்தியார்’ என்றே அழைப்பார்கள். எனக்கு 17 வயது நடந்தபோது, அத்தகைய வாத்தியார் ஒருவரிடம் போய்ச் சேர்ந்தேன். தகரக் கொட்டகை, மண் தரை, உத்தரத்தில் தொங்கும் இரண்டு மணல் மூட்டைகள், அவ்வளவுதான் பள்ளி. மூன்று மாதம் கயிறு தாண்டினேன், மூட்டையைக் குத்தினேன், நிழலோடு சண்டையிட்டேன். என்னைப் போன்ற வீரன் இல்லை என்றே எண்ணிக்கொண்டேன்.

நான்காம் மாதம், என்னை ஒத்த எடையுள்ள ஒரு தோழன் எதிரே நின்றான். மணி அடித்தது. அவன் இடக்கை அசைந்ததுதான் எனக்குத் தெரியும். அடுத்த கணம் மூக்கில் நெருப்புப் பட்டாற்போல் இருந்தது; கண்ணீர் தாரையாக வழிந்தது. மூக்கில் அடிபட்டால் கண்ணீர் வருவது இயற்கையான அனிச்சைச் செயல், அஃது அழுகையன்று. ஆனால், அன்று எனக்கு அது தெரியாது. எல்லாரும் பார்க்க அழுதுவிட்டேன் என்றே நாணினேன். மறுநாள் வயிற்றுவலி என்று சொல்லிப் போகாதிருந்தேன். அதற்கு மறுநாள் தேர்வு வருகிறது என்றேன். வலி ஒரு மணி நேரத்தில் போய்விட்டது. அச்சமோ ஒரு வாரமாகியும் போகவில்லை.

எட்டாம் நாள் வாத்தியாரே தெருவில் என்னைப் பிடித்துக்கொண்டார். அவர் ஏசுவார் என்று எதிர்பார்த்தேன், ஏசவில்லை. "தம்பி, அன்னைக்கு அவன் குத்தினது எந்தக் கை?" என்று கேட்டார். "தெரியாது, வாத்தியாரே" என்றேன். "எங்கேயிருந்து வந்தது?" "தெரியாது." அவர் சிரித்தார். "அதான் விஷயம். வலிக்குப் பயப்படுறேன்னு நீ நினைக்கிறே. நீ பயப்படுறது தெரியாததுக்கு. கண்ணைத் திறந்து பார்க்கக் கத்துக்கோ, பாதிப் பயம் போயிடும்" என்றார். எழுதப் படிக்கத் தெரியாத அவர் சொன்ன அந்தச் சொல்லுக்கு ஈடாக ஒன்றை நான் பிற்காலத்தில் படித்த உளநூல்களிலும் கண்டதில்லை.

அன்று மாலை பாடம் மீண்டும் முதலிலிருந்து தொடங்கியது. என் கையுறையைக் கழற்றச் செய்தார். அந்தத் தோழனையே எதிரே நிறுத்தி, விரல் நுனியால் என் நெற்றியையும் தோளையும் மெல்லத் தொடச் சொன்னார். நான் அடிக்கக் கூடாது, தடுக்கக் கூடாது, எங்கே தொட்டான் என்று மட்டும் சொல்ல வேண்டும். அவன் தொடத் தொட, "நெற்றி, இடத்தோள், நெற்றி" என்று சொல்லிக்கொண்டே நின்றேன். வாயால் சொல்லும்போது மூச்சு தானே வெளியே வருகிறது. பார்த்தால்தான் சொல்ல முடியும் ஆகையால் கண்ணும் தானே திறந்திருக்கிறது. இந்த நுட்பத்தை நான் உணரவே பல ஆண்டுகள் ஆயின.

நான்கு நாள்களுக்குப் பின் இருவரும் கையுறை அணிந்தோம். அவன் இடக்கை நேர்க்குத்தை மட்டும் மெல்ல விடுவான். நான் அதனை வலது உள்ளங்கையில் ஏந்திக்கொள்ள வேண்டும். அடுத்த வாரம், மார்புயரத்தில் ஒரு கயிறு கட்டினார். முழங்காலை மடித்துத் தலையைக் கயிற்றுக்கு இப்புறமும் அப்புறமும் கொண்டுபோய்க்கொண்டே நடக்க வேண்டும். குத்துக்கு விலகும் வழியை உடல் அறிந்துகொள்வதற்கு அதுவே பழக்கம். அதன் பின்னர், தோளிலும் வயிற்றிலும் மட்டுமே குத்தலாம் என்ற கட்டுப்பாட்டோடு ஓர் ஆட்டம். அதற்கும் பின்னர், ஒருவன் குத்த மற்றவன் தடுப்பது மட்டுமாக ஓர் ஆட்டம். அடுத்ததில் முறை மாறும். ஆட்டமும் 3 நிமிடமன்று, ஒரே நிமிடம். இவ்வாறு ஆறு வாரம் கழிந்த பிறகே தடையற்ற பயிற்சிச் சண்டைக்கு விட்டார்.

அந்த நாளிலும் எனக்கு நெஞ்சு படபடத்தது. வாய் உலர்ந்தது. இவை மாறவே இல்லை. சிறுநீரகத்தின் மேல் அமர்ந்துள்ள சுரப்பிகள் ஆபத்துக் காலத்தில் அட்ரினலினை இரத்தத்தில் விடுகின்றன, இதயம் விரைகிறது, தசைகள் ஆயத்தமாகின்றன. இது கோழைக்கும் வீரனுக்கும் பொது. மாறியது ஒன்றே: குத்து வருவதை நான் கண்டேன். கண்டதனால் சில தவறிப் போயின. சில கையில் பட்டன. சில முகத்திலும் பட்டன. ஆயினும், முகத்தில் பட்டவை முன்போல் வலிக்கவில்லை. எதிர்பார்த்து வாங்கும் குத்துக்குக் கழுத்து இறுகுகிறது, பற்கள் சேர்கின்றன, கால் ஊன்றுகிறது. எதிர்பாராத குத்தே மனிதனை வீழ்த்துகிறது.

சில ஆண்டுகளுக்குப் பின், ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் குழந்தை உளநூல் படித்தேன். மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அமெரிக்க அம்மையார் 1924-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு அதில் பாடமாக இருந்தது. பீட்டர் என்னும் ஏறக்குறைய 3 வயதுக் குழந்தை முயலைக் கண்டால் அலறுவான். அம்மையார் முயலை அவன் மடியில் தூக்கிப் போடவில்லை. அவன் விரும்பும் தின்பண்டத்தை உண்டுகொண்டிருக்கையில், முயலைக் கூண்டோடு அறையின் மறுகோடியில் வைத்தார். அவன் கலங்காதிருக்கும் அளவுக்குப் பார்த்துப் பார்த்துச் சிறிது சிறிதாக நெருங்கச் செய்தார். அச்சமில்லாத பிற குழந்தைகள் முயலோடு விளையாடுவதையும் அவன் காணச் செய்தார். முடிவில் பீட்டர் முயலைத் தடவிக் கொடுத்தான். தென் ஆப்பிரிக்காவில் பிறந்த மருத்துவர் ஜோசப் வோல்பே இவ்வழியை மேலும் வளர்த்து, 1958-இல் வெளியிட்ட நூலில் ஒரு மருத்துவ முறையாகவே வகுத்தார். இதைப் படித்தபோது, தகரக் கொட்டகையில் என் நெற்றியைத் தொட்ட விரல் நுனி நினைவுக்கு வந்தது. அந்த அம்மையார் பெயரையே கேட்டறியாத வாத்தியார், அவர் கண்ட வழியையே தம் அனுபவத்தால் கண்டிருந்தார். அந்த ஆண்டுத் தேர்வில் இவ்வினா வந்தது. நல்ல மதிப்பெண்ணும் பெற்றேன்.

நல்ல மதிப்பெண் பெற்றவன் நல்ல ஆசிரியன் ஆகிவிடுவானா? இங்கேதான் என் தவற்றைச் சொல்ல வேண்டும். ஆசிரியப் பணியின் தொடக்கக் காலத்தில், ஒரு பள்ளியில் மாலை நேரங்களில் மாணவர்களுக்குக் குத்துச்சண்டை பழக்கினேன். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன், மெலிந்தவன், படிப்பில் கெட்டிக்காரன், கால் அசைவு அழகாக வந்தது. ஆனால், எதிரே ஆள் நின்றால் கண்ணை மூடிக்கொள்வான். ‘அடியாத மாடு படியாது’ என்னும் பழமொழியில் அன்று எனக்கும் நம்பிக்கை இருந்தது. "இரண்டு குத்து வாங்கினால் பயம் தெளிந்துவிடும்" என்று சொல்லி, அவனைவிட வலிமையும் பழக்கமும் மிகுந்த ஒருவனோடு மேடையேற்றினேன். குத்து விழுந்தது. அவன் பெரிதாகக் காயமுறவில்லை, அழவும் இல்லை. கையுறையைக் கழற்றினான், கயிற்றை ஒழுங்காகச் சுற்றினான், என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். பிறகு அவன் மைதானத்துக்கே வரவில்லை.

அதோடு நின்றிருந்தால் ஆறுதல் கொண்டிருப்பேன். என் வகுப்பில் எந்த வினாவுக்கும் முதலில் உயரும் கை அவனுடையதாக இருந்தது. அந்த மாலைக்குப் பின் அந்தக் கை உயரவே இல்லை. ‘சூடுகண்ட பூனை அடுப்பண்டை சேராது’ என்பதும் நம் பழமொழிதான். அதை நான் மறந்துவிட்டேன். அச்சத்தைப் போக்குவதாக எண்ணி, அச்சம் சரியானதே என்று அவனுக்கு மெய்ப்பித்துக் காட்டினேன். அவன் பயந்தது குத்துக்கு மட்டுமன்று. என்னை நம்பி நின்ற இடத்தில் நான் அவனைக் காக்கவில்லையே, அதற்கும்தான். பல ஆண்டுகளுக்குப் பின் அவனை ஒரு பேருந்து நிலையத்தில் கண்டேன். அன்று நான் செய்தது தவறு என்று சொன்னேன். அவன் புன்னகை செய்தான், என் உடல்நலம் கேட்டான், பேருந்து வந்தது, ஏறிப் போய்விட்டான். அந்தப் புன்னகையில் மன்னிப்பு இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அச்சம் கொண்ட சிறுவனை எப்படி வளர்க்க வேண்டும் என்பதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு ஒன்றைக் காட்டுகிறேன். அமெரிக்காவில் 1935-இல் பிறந்த பிளாய்டு பேட்டர்சன், நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் வறுமையில் வளர்ந்தவர். கூச்சம் மிகுந்த சிறுவன். பள்ளிக்குச் செல்லாமல், சுரங்க இரயில் நிலையத்தில் ஊழியர்கள் கருவிகள் வைக்கும் சிறு அறையில் போய் ஒளிந்திருப்பான். ஏறக்குறைய 10 வயதில், அத்தகைய சிறுவர்களுக்கென அமைந்த வில்ட்விக் பள்ளிக்கு அவனை அனுப்பினார்கள். அன்பும் பொறுமையும் உள்ள ஆசிரியர்களிடம் அவன் எழுத்தும் கற்றான். கையுறை அணியவும் கற்றான். பின்னர், கஸ் டமாட்டோ என்னும் பயிற்சியாளரிடம் சேர்ந்தான்.

டமாட்டோ தம் மாணவர்களுக்கு முதலில் கற்பித்தது குத்தையன்று. அச்சத்தைப் பற்றிய அறிவையே. அச்சம் நெருப்பைப் போன்றது; அடுப்பில் அடங்கியிருந்தால் சோறு சமைக்கும், கூரையில் பற்றினால் வீட்டை எரிக்கும் என்னும் கருத்தை அவர் பலமுறை விளக்குவார். வீரனும் கோழையும் உணர்வது ஒன்றே. செய்வதுதான் வேறு என்பது அவர் கொள்கை. இரு கையுறைகளையும் கன்னத்தோடு சேர்த்து உயர்த்தி, அவற்றின் இடையே கண்ணால் பார்த்துக்கொண்டே தலையை அசைத்து நெருங்கும் காப்பு முறையை அவர் பழக்கினார். முகத்துக்குக் காவல், கண்ணுக்கோ சாளரம்! காவல் உறுதியாக இருந்தால் கண் துணிந்து திறக்கும் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

அந்தக் கூச்சமுள்ள சிறுவன் 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம் பெற்றான். 1956-இல், 21-ஆம் வயதில், உலகக் கனஎடை வீரர் பட்டத்தை வென்றான். அதுவரை அத்துணை இளம் வயதில் அப்பட்டம் பெற்றவர் எவருமில்லை. 1959-இல் சுவீடன் நாட்டு இங்மார் ஜோஹான்சன் அவரை மூன்றாம் சுற்றிலேயே 7 முறை வீழ்த்திப் பட்டத்தைப் பறித்தார். அடுத்த ஆண்டு, 1960-இல், பேட்டர்சன் அதே ஜோஹான்சனை வென்றார். இழந்த கனஎடைப் பட்டத்தை மீண்டும் பெற்றவர்களுள் அவரே முதல்வர். வீழ்ந்த எதிரி நினைவிழந்து கிடந்தபோது, பேட்டர்சன் வெற்றிக் களிப்பை விட்டு, மண்டியிட்டு அவரைத் தாங்கிக்கொண்டார். அடிபடுவது இன்னதென்று அறிந்தவனுக்கே அந்த இரக்கம் வரும்.

ஆனால், அவருக்கும் அச்சம் அற்றுப் போய்விடவில்லை. 1962-இல் சன்னி லிஸ்டனிடம் முதற் சுற்றிலேயே தோற்றபோது, பொய்த்தாடியும் மீசையும் ஒட்டிக்கொண்டு யாரும் அறியாமல் ஊரைவிட்டு வெளியேறினார். அதைப் பின்னர் வெளிப்படையாகச் சொல்லவும் செய்தார். குத்துக்கு நின்ற மனிதர், பிறர் பார்வைக்கு நிற்க முடியவில்லை! மாணவர்களே, உங்கள் உள்ளத்தையும் சற்றுச் சோதித்துப் பாருங்கள். நாம் அஞ்சுவது குத்துக்கா, அல்லது குத்து வாங்கும்போது எழும் சிரிப்புக்கா? என் மூக்கில் பட்ட வலி ஒரு மணி நேரம். கண்ணீரைப் பலர் கண்டதனால் வந்த நாணம் ஒரு வாரம். ஆகையால், பயிற்சிக் கூடத்தில் புதியவன் அடிபடும்போது சிரிப்பவர்கள், குத்துகிறவனைவிடக் கொடிய காயத்தை உண்டாக்குகிறார்கள்.

இனி, மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் கடமை தவறியவன் ஆவேன். எல்லா அச்சமும் போக்கத்தக்கதன்று. அஞ்சத்தக்கதைக் கண்டும் அஞ்சாதிருத்தல் பேதையின் செயல் என்னும் கருத்தைத் திருவள்ளுவர் கூறியிருக்கிறார். அதைப் படையைப் பற்றிய அதிகாரத்தில் அன்று, அறிவுடைமை அதிகாரத்தில் வைத்திருக்கிறார். குத்துச்சண்டையில் அஞ்சத்தக்கது தலைக்காயம். 1928-லேயே ஹாரிசன் மார்ட்லண்டு என்னும் அமெரிக்க மருத்துவர், தலையில் பன்முறை குத்துண்ட வீரர்கள் தள்ளாடுவதையும் பேச்சுக் குழறுவதையும் ஆராய்ந்து எழுதினார். தலைக்கவசம் தோல் கிழியாமலும் வீங்காமலும் காக்கும். ஆனால், மண்டையோட்டுக்குள் மூளை அதிர்வதை அது முற்றும் தடுத்துவிடாது. 2016-ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் ஆடவர் தலைக்கவசமின்றியே பொருதனர் என்பதும் இங்கே எண்ணத்தக்கது. கவசம் அணிந்துவிட்டோம் என்ற துணிவில் முழுவலிமையோடு குத்திக்கொள்வது பெரும் அறியாமை.

முன்னே கூறிய பேட்டர்சன் முதுமையில் நியூயார்க் மாநிலக் குத்துச்சண்டை ஆணையத்தின் தலைவராக இருந்தார். 1998-இல் ஒரு விசாரணையின்போது, தாம் யாரை வென்று உலகப் பட்டம் பெற்றோம் என்பதே அவருக்கு நினைவுக்கு வரவில்லை. பதவியைத் துறந்தார், நினைவிழப்பு நோயோடு வாழ்ந்து, 2006-இல் மறைந்தார். அச்சத்தை வென்ற ஒரு மனிதரின் வாழ்வில் இதுவும் ஒரு பக்கம். இதை மறைத்துவிட்டு உங்களிடம் வீரம் பேச எனக்கு உரிமையில்லை.

எனவே, பயிற்சிக்குப் போகும் மாணவ மாணவியர் சிலவற்றை உறுதியாகக் கைக்கொள்ள வேண்டும். பயிற்சியாளர் அருகில் இல்லாமல் எதிரெதிரே நிற்காதீர்கள். உங்களைவிட எடையும் பழக்கமும் மிகுந்தவர் முழுவலிமையோடு குத்த வந்தால், "மாட்டேன்" என்று சொல்லுங்கள், அது கோழைத்தனமன்று. குத்துப்பட்டபின் தலைவலி, தலைச்சுற்றல், வாந்தி, மங்கிய பார்வை, குழப்பம் இவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே நிறுத்துங்கள், பெரியவர்களிடம் சொல்லுங்கள், மருத்துவரைக் காணுங்கள், அவர் இசைவு தரும்வரை கையுறையைத் தொடாதீர்கள். வலியை மறைப்பவன் வீரன் என்ற எண்ணம் பலருடைய வாழ்வைக் கெடுத்திருக்கிறது.

எதிரே நிற்கும் தோழனுக்கும் ஒரு சொல். பயிற்சிச் சண்டையில் உனக்கு எதிரே நிற்பவன் பகைவனல்லன். தன் முகத்தையே உனக்குப் பாடநூலாகத் திறந்து தருகிறவன். 1980-இல் முகம்மது அலி சென்னைக்கு வந்து, நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிசோடு ஒரு காட்சி ஆட்டம் ஆடினார். வெகு தொலைவில் நின்று அதைக் கண்ட பெருங்கூட்டத்தில் நானும் ஒருவன். இருவரும் லூயிவில் என்னும் ஒரே ஊரில் வளர்ந்தவர்கள். எல்லிஸ் பல ஆண்டுகள் அலிக்குப் பயிற்சித் துணையாக நின்றவர். 1968-இல் தாமும் ஓர் உலகப் பட்டம் பெற்றவர். 1971-இல் இருவரும் உண்மைப் போட்டியிலேயே மோதி, அலி வென்றார். அதன் பிறகும் ஒன்பது ஆண்டு கழித்து, கடல் கடந்து வந்து, ஒரே மேடையில் நண்பர்களாக நின்றார்கள். குத்தின் வலிமையை அடக்கத் தெரிந்தவனோடு மட்டுமே இத்தகைய நட்பு நிலைக்கும். அடக்கிக் குத்துவதும் ஒரு கலையே. வேகத்தைக் குறைக்காமல் கனத்தைக் குறைப்பது எளிதன்று.

மாணவியருக்கும் இதில் இன்று இடமுண்டு. 2012-ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில்தான் மகளிர் குத்துச்சண்டை முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. அவ்வாண்டிலேயே மணிப்பூரின் மேரி கோம் நம் நாட்டுக்கு வெண்கலப் பதக்கம் கொணர்ந்தார். அவரும் என்றோ ஒருநாள் முதல் குத்துக்குக் கண்ணைச் சிமிட்டியவராகவே இருந்திருப்பார் அன்றோ?

முடிவாகச் சொல்வேன். குத்துக்கு அஞ்சும் அச்சம், நிறையக் குத்து வாங்குவதால் போவதில்லை. அது வருவதைக் காணக் கற்பதால் குறைகிறது. காணக் கற்பதற்குக் காலம் வேண்டும். படிப்படியான பயிற்சி வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நம்பத்தகுந்த ஒருவர் எதிரே நிற்க வேண்டும். உங்களுள் பலர் கையுறை அணியப் போவதில்லை. ஆனால், கணக்கு வினாத்தாளைக் கண்டு கண்ணை மூடும் தங்கை உங்கள் வீட்டில் இருக்கலாம்; மேடையேற நடுங்கும் நண்பன் உங்கள் வகுப்பில் இருக்கலாம். அவர்களை ஆழத்தில் பிடித்துத் தள்ளாதீர்கள். விரல் நுனியால் நெற்றியைத் தொடுவதுபோல், மிகச் சிறிய ஒன்றிலிருந்து தொடங்குங்கள். "எங்கே தொட்டேன், சொல்" என்று கேளுங்கள். அவர்கள் கண்ணைத் திறந்து பதில் சொல்லும் நாள் வரும்.

தொடக்கத்தில் சொன்ன சோதனையை மீண்டும் செய்து பாருங்கள். தோழரின் உள்ளங்கை மெல்ல வரட்டும். பத்து முறை, இருபது முறை வரட்டும். பின்னர்ச் சிறிது விரைவாக வரட்டும். நீங்கள் மூச்சை விட்டுக்கொண்டே நில்லுங்கள். இமை இன்னும் துடிக்கும். ஆயினும், துடித்த இமை விரைந்து திறந்துகொள்ளும். அதுவே போதும். என் வாத்தியார் எனக்குக் கற்பித்ததும் அவ்வளவே. நான் ஒரு மாணவனுக்குக் கற்பிக்கத் தவறியதும் அதுவே.